குதிகாலின் தேய்வு

1917-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்திலுள்ள புக்கானன் என்னும் ஊரில், வாகனங்களுக்கான அச்சுகளைச் செய்துவந்த கிளார்க் கம்பெனியார், தம் தொழிற்சாலைக்குள் சாமான்களை இடம் மாற்றிக்கொள்வதற்கென்றே ஒரு சிறிய மோட்டார் வண்டியைச் செய்துகொண்டார்கள். ‘டிரக்டிராக்டர்’ என்று பெயரிடப்பட்ட அந்த வண்டி விற்பனைக்காகச் செய்யப்பட்டதன்று. தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர்கள் தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று கேட்கத் தொடங்கியதால்தான் அது வியாபாரப் பொருளாயிற்று. பின்னர்ச் செங்குத்தான மாஸ்டும், அதில் ஏறி இறங்கும் ஃபோர்க் என்னும் இரண்டு இரும்புக் கரங்களும் சேர, சாமான்களை அடுக்கும் மரத்தட்டுகளான பாலட்டுகளின் பழக்கமும் இரண்டாம் உலக யுத்தத்தின் அவசரமும் துணை நிற்க, ஃபோர்க்லிஃப்ட் என்னும் யந்திரம் உலகத்தின் துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் நிலைபெற்றுவிட்டது. முன்னொரு காலத்தில் பலர் கூடித் தோளில் சுமந்து அடுக்கிய மூட்டைகளை, இன்று ஒரே ஒருவர் ஆசனத்தில் அமர்ந்தபடி நெம்புகோல்களை அசைத்து, கூரையளவு உயரத்தில் கொண்டுபோய் வைக்கிறார்.

இவ்வளவு உழைக்கும் யந்திரம் ஒருநாள் பழுதாகி நின்றுவிட்டால், “திடீரென்று போய்விட்டது” என்று சொல்வது கிடங்குகளில் வழக்கம். ஃபோர்க் முறிந்தாலும், செயின் அறுந்தாலும், எண்ணெய் செல்லும் ஹோஸ் வெடித்தாலும் இதே சமாதானந்தான். ஆனால் உலோகத்தின் வாழ்க்கையில் திடீரென்று நிகழ்வது மிக அபூர்வம். முறிவு ஒரு நொடியில் நிகழலாம். அம்முறிவுக்கு வேண்டிய ஆயத்தங்களோ மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், நம் கண்ணுக்கு எட்டும் இடத்திலேயே நடந்துகொண்டிருக்கும். அவற்றை அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் அளந்துவிடவும் முடியும். இந்த யந்திரத்தைப் பேணுவதற்கென்று வகுக்கப்பட்டுள்ள விதிகள் பலவும் அந்த ஆயத்தங்களை முன்கூட்டியே கண்டுகொள்வதற்காக ஏற்பட்டவை. விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர் அவசரம் வந்தால் அதை மீறிவிடுகிறார். அதன் காரணத்தை அறிந்தவருக்கு மீறுவதற்குக் கை எழாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகையால் இந்த அத்தியாயத்தில் விதிகளைக் காட்டிலும் காரணங்களையே அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கிணற்றில் ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு ஃபோர்க்லிஃப்டின் மூல தத்துவம் புதிதாகத் தோன்றாது. துலாமரத்தின் ஒரு முனையில் நீர் நிறைந்த சால். மறுபக்கத்தில் மரத்தின்மேல் நடக்கும் மனிதரின் எடை. நடுவே, பாரம் முழுவதையும் தாங்கிநிற்கும் அச்சு. ஃபோர்க்லிஃப்டில் அந்த அச்சின் ஸ்தானத்தை வகிப்பவை முன்சக்கரங்கள். அவற்றுக்கு முன்னால் பாரம் தொங்குகிறது. பின்னால் இஞ்சினும், வார்ப்பிரும்பாலான பெரிய எதிர்எடையும் அதற்கு ஈடு கொடுக்கின்றன. இரண்டரை டன் தூக்கும் யந்திரம் தான் மட்டுமே ஏறத்தாழ நான்கு டன் எடை இருப்பதற்குக் காரணம் இதுவே.

நெம்புகோலில் எடைக்கு உள்ள முக்கியத்துவம் தூரத்துக்கும் உண்டு. யந்திரத்தின்மேல் பதித்திருக்கும் தகட்டில் ‘2,500 கிலோ’ என்று எழுதியிருந்தால், அதன் பக்கத்தில் ‘500 மில்லிமீட்டர்’ என்றும் எழுதியிருக்கும். பாரத்தின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியிலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் மட்டுமே 2,500 கிலோ தூக்கலாம் என்பது அதன் பொருள். ஒரு யந்திரத்தில் முன் அச்சிலிருந்து ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதிவரை அரை மீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து பாரத்தின் நடுப்புள்ளிவரை மொத்தம் 1,000 மில்லிமீட்டர் ஆகிறது. இப்பொழுது 1,600 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு நீண்ட பெட்டி வருகிறது. அதன் நடுப்புள்ளி 800 மில்லிமீட்டரில் விழும், அச்சிலிருந்து 1,300. கணக்குப் போட்டுப் பார்த்தால், அதே யந்திரம் தூக்கக்கூடிய எடை ஏறக்குறைய 1,900 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. மாஸ்ட் மிக உயரமாக நீளும் யந்திரங்களிலும், பக்கவாட்டில் நகர்த்தும் துணைக்கருவிகள் பூட்டிய யந்திரங்களிலும் இன்னும் குறையும். துணைக்கருவி பூட்டியபின் பழைய தகட்டையே நம்பி ஓட்டுவது, வேறொருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை நம் நோய்க்குப் பயன்படுத்துவதில்தான் போய் முடியும்.

பாரம் அதிகமாகிப் பின்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பத் தொடங்கும்போது, “பின்னால் இரண்டு பேர் ஏறி நில்லுங்கள்” என்று குரல் கொடுப்பதைச் சில கிடங்குகளில் கேட்கலாம். ஏறி நிற்பவர்களின் உயிருக்கு அது அபாயம் என்பது வெளிப்படை. அதைத் தவிர, யந்திரத்துக்கு உண்டாகும் கேடு ஒன்றும் இருக்கிறது; அதை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. பின்னால் எடை கூடியதனால் வண்டி கவிழாமல் நின்றுவிட்டது. ஆனால் ஃபோர்க்கோ, செயினோ, முன் அச்சோ, டயரோ அந்தக் கூடுதல் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்லவே! கவிழாமல் தப்பிய பாரம் தன் அடையாளத்தை அந்த உறுப்புகளில் பதித்துவிட்டே போகிறது. அந்தப் பதிவு எங்கே விழுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஃபோர்க் என்பது ‘ட’ எழுத்தின் வடிவத்தில் வளைந்த ஓர் எஃகுக் கட்டை. செங்குத்தான பகுதி மேலேறும் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். கிடையான பகுதி பாரத்தின் அடியில் நுழையும். இரண்டும் சேரும் வளைவைக் குதிகால் என்கிறோம். பாரம் ஏறியதும் கிடையான பகுதி மிகச் சிறிதளவு கீழ்நோக்கி வளைகிறது. அப்போது அதன் மேற்புற இழைகள் இழுபடுகின்றன, அடிப்புற இழைகள் நெருக்கப்படுகின்றன. இந்த இழுவிசை உச்சத்தை அடைவது குதிகாலின் உட்புறத்தில்தான். அந்த யந்திரத்தின் முழு உழைப்பும் கைப்பிடி அளவுள்ள அந்த இடத்தின் வழியாகவே செல்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

விபரீதம் என்னவென்றால், அதிகமாகத் தேயும் இடமும் அதுவே. பாலட்டின் அடியில் நுழைவதற்காக ஃபோர்க்கை முழுவதும் கீழே இறக்கி, தரையில் உராயவிட்டபடியே முன்னே செல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. சிமெண்டுத் தரை அரத்தைப் போலவே வேலை செய்யும். வளைவின் அடிப்பகுதி பளபளவென்று மெருகேறியிருப்பதைப் பார்த்துச் சிலர் அது நன்றாக உழைத்திருப்பதற்கு அறிகுறி என்று எண்ணுவார்கள். உண்மையில் அந்த மெருகு, எஃகு குறைந்துகொண்டே வருவதற்கு அறிகுறி. 40 மில்லிமீட்டர் கனமுள்ள குதிகால் தேய்ந்து 36 மில்லிமீட்டர் ஆனால், குறைந்தது பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் வளைவை எதிர்க்கும் வலிமை கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது இயற்கையின் நியதி. 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81. கனத்தில் பத்து சதவிகிதம் போனதும் வலிமையில் பத்தொன்பது சதவிகிதம் போய்விட்டது. குதிகால் பத்து சதவிகிதம் தேய்ந்ததுமே ஃபோர்க்கைக் கழற்றி ஒதுக்கிவிட வேண்டுமென்று சர்வதேச விதிகள் கண்டிப்பாகச் சொல்வது இந்தக் கணக்கை உத்தேசித்தே.

இதை அளப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டியதில்லை. தரையைத் தொடாத செங்குத்துப் பகுதியில் தேய்மானம் இராது. ஆகவே அதன் கனத்தைக் காலிப்பரால் எடுத்துக்கொண்டு, குதிகாலின் கனத்தை அதனோடு ஒப்பிட்டால் போதும். அளந்தபின் வளைவின் உட்புறத்தைக் கந்தையால் துடைத்து, எண்ணெயும் தூசியும் போனபின், சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தலைமயிர் அளவு கறுப்புக் கோடு ஒன்று குறுக்கே ஓடினால் அது கீறலன்று, வெடிப்பு. ஐயமிருந்தால் சாயம் ஊறவைத்தோ, காந்தத்தூள் தூவியோ பார்க்கும் பரிசோதனைகள் இருக்கின்றன. வெடிப்பின்மேல் வெல்டிங் வைத்து மூடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. ஃபோர்க்கின் எஃகு சூடேற்றிக் குளிரவைத்துப் பக்குவப்படுத்தப்பட்டது. வெல்டிங்கின் உஷ்ணம் அந்தப் பக்குவத்தைக் குலைத்து, மூடிய வெடிப்புக்குப் பக்கத்திலேயே புதியதொரு பலவீனத்தை உண்டாக்கிவிடும்.

தேய்வைத் தடுக்கும் வழியோ மிக எளிது: பாலட்டுக்குள் நுழையும்போது ஃபோர்க்கைத் தரையிலிருந்து சிறிது தூக்கி, மட்டமாக வைத்துக்கொள்வது. பாரத்தோடு ஓடும்போதும் ஒரு சாண் அளவுக்குமேல் தூக்காமல், மாஸ்டைச் சற்றே பின்னுக்குச் சாய்த்துக்கொள்வது. ஃபோர்க்கின் நுனியால் பெட்டியைத் தள்ளுவதும், சிக்கிய பாலட்டை நெம்புவதும், ஒற்றை ஃபோர்க்கால் பாரத்தை ஓரமாகத் தூக்குவதும் ஃபோர்க்கைத் திருகுகின்றன. ஒரு நுனி மற்றதைவிடத் தாழ்ந்துவிட்டால் அதன்பின் ஏறும் ஒவ்வொரு பாரமும் இரண்டுக்கும் சமமாகப் பகிரப்படாமல் ஒன்றின் தலையிலேயே விழும்.

செயினின் கதையும் இதற்கு ஒத்ததே. இரண்டு அடுக்கு மாஸ்டில், செயினின் ஒரு முனை நகராத பகுதியில் கட்டப்பட்டு, மேலேறும் கப்பியைச் சுற்றி, மறுமுனை ஃபோர்க் மாட்டியிருக்கும் சட்டத்தைத் தூக்குகிறது. ஆகவே ஹைட்ராலிக் தண்டு ஓர் அடி ஏறினால் பாரம் இரண்டு அடி ஏறுகிறது. உயரத்தில் கிடைத்த இந்த லாபத்துக்கு விசையில் விலை கொடுக்க வேண்டும். தண்டு தாங்கும் சுமை பாரத்தைப் போல் இருமடங்கு. பாரமோ செயினில் தொங்குகிறது. அந்தச் செயின் தகடுகளாலும் ஊசிகளாலும் ஆனது. கப்பியின்மேல் வளையும் ஒவ்வொரு முறையும் தகடு ஊசியின்மேல் சிறிது உராய்கிறது. ஊசி ஒவ்வொன்றிலும் மயிரிழை தேய்ந்தாலும், நூற்றுக்கணக்கான ஊசிகளில் அது சேர்ந்து செயின் நீண்டுவிடுகிறது. புதிதாயிருக்கையில் 1,000 மில்லிமீட்டர் இருந்த பகுதி 1,030 மில்லிமீட்டர் ஆனால், அதாவது மூன்று சதவிகிதம் நீண்டால், அதன் ஆயுள் முடிந்ததென்று கொள்ள வேண்டும். அளக்கும்போது, கப்பியின்மேல் அடிக்கடி ஓடும் பகுதியைத் தேர்ந்து அளப்பது முக்கியம். கப்பியையே தொடாத முனைப் பகுதியை அளந்துவிட்டு “செயின் புதுசு மாதிரி இருக்கிறது” என்று நிம்மதி அடைவதில் பயனில்லை.

செயினுக்கு எது மருந்து என்பதிலும் தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கெட்டியான கிரீஸை அள்ளிப் பூசினால் செயின் பாதுகாப்பாக இருக்கிறதென்று நினைக்கிறார்கள். கிரீஸ் வெளித்தகடுகளின்மேல் படிந்து தூசியைச் சேர்க்குமேயன்றி, தேய்வு நடக்கும் ஊசிக்குள் புகாது. உள்ளே ஊறிச் செல்லும் எண்ணெயே அதற்கு உகந்தது. பழைய அழுக்கைத் துடைத்துவிட்டு எண்ணெயைத் தடவி, பாரமின்றிச் சிலமுறை ஏற்றி இறக்கினால் அது ஊசிவரை சென்றுவிடும். துடைக்கும் சமயத்தில் இஞ்சின் நின்றிருக்க வேண்டும். மாஸ்டின் சட்டங்களுக்கு நடுவே கையை நுழைப்பது எக்காரணத்தாலும் கூடாது.

ஹைட்ராலிக் ஏற்பாடு பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் விளக்கிய தத்துவத்தின்மேல் அமைந்தது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும். ஆகவே சிறிய பம்பின் அழுத்தம் பெரிய தண்டின் அடியில் டன் கணக்கான விசையாக மாறுகிறது. வால்வுகளுக்குள் இருக்கும் இடைவெளிகள் மிக நுட்பமானவை. கண்ணுக்குத் தெரியாத மணல்துகள்கூட அவற்றில் புகுந்தால் சுவரைச் சுரண்டும், சுரண்டியதால் உதிரும் உலோகத்தூள் மேலும் சுரண்டும். எண்ணெய் ஊற்றும் வாயைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட்டு மூடியைத் திறப்பது அற்பமான காரியமாகத் தோன்றினாலும், ஒரு பம்பின் ஆயுளையே அது நீட்டிக்கிறது. கனமான பாரத்தை வேகமாக இறக்கி, தரைக்குச் சற்று மேலே நெம்புகோலைச் சடாரென்று மூடி நிறுத்துவது இதற்கு நேர்மாறான பழக்கம். அப்படி நிறுத்தும் கணத்தில் பாரம் தன் எடையைவிட மிகுந்த விசையோடு செயினையும் ஹோஸையும் இழுக்கும்.

ஹோஸில் ஊசிமுனை அளவு துளை விழுந்து எண்ணெய் பீறினால், வருவது மெல்லிய புகைபோலத் தெரியும். அதை விரலால் தடவித் தேடுவது இயல்பாகத் தோன்றும் காரியம். ஆனால் அந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே முள் குத்திய அடையாளம் மட்டும் இருக்க, உள்ளே தசை அழுகத் தொடங்கும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் கையையே இழக்க நேரும். அட்டைத் துண்டு ஒன்றை ஹோஸின் ஓரமாக நகர்த்தினால் போதும். எண்ணெய்க் கறை விழும் இடத்தில் துளை இருக்கிறது.

மின்சாரத்தில் ஓடும் யந்திரங்களில் பேட்டரியே எதிர்எடையின் ஒரு பாகம். 48 வோல்ட் தரும் ஈயப் பேட்டரியில் இரண்டு வோல்ட் வீதம் 24 அறைகள் இருக்கும். அதன் எடை ஒரு டன்னை நெருங்கும். அதை எடுத்துவிட்டு இலேசான வேறொன்றை வைத்தால் முன்னே சொன்ன நெம்புகோல் கணக்கு முழுவதும் மாறிவிடும் என்பதை மறக்கலாகாது. எண்பது சதவிகிதத்துக்கு மேல் சக்தியை வற்றவிட்டால், ஈயத் தகடுகளின்மேல் படியும் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுத் திரும்பக் கரையாமல் நின்றுவிடும். நீர் ஊற்ற வேண்டியது சார்ஜ் ஏறி முடிந்தபின். முன்னரே நிறைய ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது திரவம் விரிந்து பொங்கி, அமிலம் வழிந்து இரும்பை அரிக்கும். ஏறும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் காற்றில் நான்கு சதவிகிதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடும். ஆகவே காற்றோட்டமில்லாத மூலையில் பேட்டரி அறை அமைப்பது பெரும் பிழை.

இனி, ஓட்டும் முறைக்கு வருவோம். நான்கு சக்கரங்கள் இருந்தாலும் ஸ்திரத்தன்மையைப் பொறுத்தவரை இந்த யந்திரம் மூன்று புள்ளிகளில் நிற்பதுதான். பின் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடும்படி பொருத்தப்பட்டிருப்பதால், இரு முன்சக்கரங்களையும் அந்த முளையையும் இணைக்கும் முக்கோணத்துக்குள் யந்திரமும் பாரமும் சேர்ந்த எடைமையம் இருக்கும்வரை கவிழாது. பாரத்தை உயரத் தூக்கிக்கொண்டு வளைந்தால் எடைமையமும் உயர்ந்து, சிறு சாய்விலேயே முக்கோணத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. வெற்றுவண்டி என்றால் அபாயமில்லை என்று எண்ணி வேகமாகத் திருப்புகிறவர்களும் ஏமாந்துபோவார்கள். பாரமில்லாதபோது எடைமையம் பின்னோக்கி, முக்கோணம் குறுகும் திசையில் நகர்ந்திருக்கிறது. திரும்புபவை பின்சக்கரங்களாதலால், வளையும்போது வண்டியின் பின்புறம் வெளிப்பக்கம் வீசும்; ரேக்கின் கால்கள் வளைந்திருப்பதற்குக் காரணம் தேடினால் அநேகமாக இந்த வீச்சுத்தான். சரிவில் பாரத்தோடு செல்கையில் பாரம் எப்போதும் மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும். இறங்கும்போது பின்னோக்கி ஓட்டித்தான் இறங்க வேண்டும். சரிவின் நடுவில் திரும்புவது கூடவே கூடாது. ஒருவேளை வண்டி கவிழத் தொடங்கினால், குதித்துத் தப்ப நினைப்பவர்மேல் தலைக்குமேலிருக்கும் இரும்புக் கூண்டே விழும். பெல்ட் கட்டியபடி ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, சாயும் திசைக்கு எதிராக உடலைச் சாய்த்துக்கொண்டு ஆசனத்திலேயே இருப்பவர்தான் பிழைக்கிறார்.

இவற்றையெல்லாம் தினந்தோறும் கவனிக்கக்கூடிய ஸ்தானத்தில் இருப்பவர் ஓட்டுநர் ஒருவரே. 1948-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பாரந்தூக்கும் யந்திரங்களையும் சங்கிலிகளையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதிபெற்றவர் பரிசோதிக்க வேண்டுமென்று விதித்தது. அமெரிக்க விதிகளோ ஃபோர்க்லிஃப்டை அன்றாடம் வேலைக்கு எடுக்குமுன்னும், இரவுபகலாக ஓடும் இடங்களில் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் பார்க்கச் சொல்கின்றன. வருஷப் பரிசோதனைக்கு இடைப்பட்ட முந்நூற்றுச் சொச்சம் நாட்களில் டயரின் வெட்டையும், தரையில் சொட்டிய எண்ணெயையும், பிரேக்கின் இளக்கத்தையும் முதலில் அறிபவர் ஆசனத்தில் அமர்பவர்தான். ஆனால் அவர் அறிந்ததைச் சொல்வாரா என்பது மேலாளரைப் பொறுத்தது. ரேக்கில் இடித்துவிட்டதாக வந்து சொன்ன ஓட்டுநருக்குச் சம்பளம் பிடிக்கும் கிடங்கில், அடுத்தமுறை இடித்தவர் சொல்லமாட்டார். வளைந்த ஃபோர்க்கோடு யந்திரம் அடுத்த ஷிஃப்டுக்குப் போகும், ஒன்றும் அறியாத இன்னொருவர் அதன்மேல் முழுப் பாரத்தை ஏற்றுவார். பழுதைச் சொன்னவருக்குத் தண்டனை விதிக்கும் வழக்கத்தை நான் மிகவும் வன்மையாகக் கண்டிக்கிறேன். எத்தனை விலை கொடுத்து வாங்கிய எண்ணெயும் செயினும் அந்த ஒரு வழக்கம் விளைக்கும் நஷ்டத்தை ஈடுசெய்யமாட்டா. சொன்ன உடனே சாவியைக் கழற்றி மேலாளரிடம் சேர்க்கவும், ‘ஓட்டக் கூடாது’ என்ற அட்டையை ஸ்டியரிங்கில் கட்டவும், பழுது நீக்கியவர் கையெழுத்திட்ட பிறகே அந்த அட்டையை அவிழ்க்கவும் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். அது இரவு ஷிஃப்டிலும், லாரிகள் வாசலில் காத்து நிற்கும் மாதக் கடைசியிலும் மாறாமல் நடக்க வேண்டும்.